சங்கரம்மாள் படம் இருந்த கம்ப்யூட்டர்

இசக்கிசெல்விக்குக் கரண்ட் என்றால் பயம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவள் அப்பா, மழை ஈரத்தில் மோட்டார் பெட்டியில் கை வைத்தவர், அப்படியே போய்விட்டார். தூக்குச்சட்டியோடு வரப்பில் நின்று அதைப் பார்த்தபோது அவள் ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு எந்தச் சுவிட்சையும் விரலால் தொட்டதில்லை. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகும் மரத்தால் ஆன எதையாவது கொண்டுதான் தட்டுவாள்.

இருந்தும் அவள் பிழைப்பு கம்ப்யூட்டரில்தான். ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துத் தரும் கல்யாணப் படங்களை வீட்டிலிருந்தபடியே ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பாள். கணவன் சிவபாலன் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அந்த மார்கழி மழையில் ஊர் மூழ்கியபோது அவன் மதுரைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். முழங்கால் தண்ணீரில் நின்று, கம்ப்யூட்டரைக் கட்டிலில் ஏற்றி, அவனுடைய மழைக்கோட்டைப் போட்டு மூடினாள்.

தண்ணீர் வடிந்து கரண்ட் திரும்பிய காலையில் ஜெயபிரியாவிடமிருந்து போன் வந்தது. கார்த்திகையில் கல்யாணமான பெண். அவள் ஆல்பம் இன்னும் முடியவில்லை; அதற்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று இசக்கிசெல்வி நினைத்தாள்.

"யக்கா, அம்மா போயிட்டாக்கா. சுவரு இடிஞ்சு விழுந்துட்டு."

இசக்கிசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்ல ஒண்ணும் மிஞ்சல. என் போனும் தண்ணியில போச்சு, இது அவுக போனு. மாலை போட ஒரு படம் இல்லக்கா. போட்டோன்னாலே அம்மா ஓடிருவா. கல்யாணத்துலதான் தனியா உக்காந்து எடுத்தா. அது உங்ககிட்ட இருக்குல்லா?"

"இருக்குளா. அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். கூரை ஒழுகி மழைக்கோட்டின் மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தது.

ஸ்டூடியோவைக் கேட்டால், கேமராக் கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். ஜெயபிரியாவின் அம்மா சங்கரம்மாளின் முகம் இனி இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

ஈரச் சுவரில் மரத்தால் தட்டக்கூடத் துணியாமல், பக்கத்து வீட்டு ஜெர்லினைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போடச் சொன்னாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே கிடந்தது. பிறகு பீப், பீப் என்று விடாமல் ஒரு சத்தம்.

"அமத்துளா! அமத்து!" என்று கத்திக்கொண்டே இசக்கிசெல்வி வாசலுக்கு ஓடிவிட்டாள்.

வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் மாரிராஜுக்குப் போன் போட்டார்கள்.

"ஈரத்தோட ஏன்க்கா போட்டிய? என் கடையிலேயே இடுப்பளவு தண்ணி. இப்ப வர வழியே இல்ல. பிளக்கப் புடுங்கிட்டு நீங்களே மூடியக் கழத்துங்க."

"நானா?"

"பயப்படாதிய. புடுங்குனாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் நிக்கும். பவர் பட்டன அமுக்கிப் புடிங்க, வடிஞ்சிரும்."

"வடியலன்னா?"

"வடியும்க்கா. பவர் சப்ளைப் பெட்டிய மட்டும் தொறக்காதிய, அதத் தொடவே வேண்டாம்."

தொடக்கூடாத ஒன்று உள்ளே இருக்கிறது என்பது மட்டும்தான் அவள் காதில் நின்றது. ஜெர்லின் பிளக்கைப் பிடுங்கி, பட்டனை அமுக்கிப் பிடித்தாள். இசக்கிசெல்வி ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் திருகாணிகளைக் கழற்றினாள். முகத்திலிருந்து வியர்வை பெட்டிக்குள் சொட்டிவிடுமோ என்று பயந்து பயந்து துடைத்தாள்.

வெயில் விழும் ஜன்னலோரம் மதியம் வரை காயவைத்தார்கள். மாரிராஜ் சொன்னபடி ராம் என்ற நினைவகப் பட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். இந்த முறை ஜெர்லின் சுவிட்சைப் போட்டதும் பீப் சத்தம் இல்லை. திரையில் கம்பெனி முத்திரை வந்தது. அது மறைந்து, கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரே ஒரு வரி நின்றது. ஹார்டு டிஸ்க்கைக் காணோம் என்றது அந்த வரி; படங்கள் எல்லாம் அதற்குள்தான்.

அதைப் போனில் மாரிராஜுக்குப் படித்துக் காட்டினாள்.

"டிஸ்க்கு போயிருந்தா சென்னைக்கு அனுப்பிப் பாக்கணும்க்கா. கெடைக்கும்னு சொல்ல முடியாது. கட கடன்னு சத்தம் வருதா?"

"இல்ல."

"அப்ப எல்லாத்தையும் அமத்திட்டு, பழையபடி கரண்ட வடியவிட்டு, கேபிளப் பாருங்க."

அந்த நேரம் தெருவில் குடிதண்ணீர் லாரி வந்துவிட்டது. ஜெர்லின் பிளக்கைப் பிடுங்கி, பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டு, "இந்தா வாரேம்ளா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டிஸ்க்கில் மாட்டியிருந்த கேபிளின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. துறைமுகத்து உப்புக்காற்று எத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்ததோ! சி.டி. போடும் பெட்டியில் இருந்த கேபிளை உருவி டிஸ்க்கில் மாட்டச் சொன்னான் மாரிராஜ். மாட்டினாள். இனிச் சுவிட்சைப் போட ஆள் இல்லை. வாசலில் போய் எட்டிப் பார்த்தாள். லாரியைச் சுற்றி அவ்வளவு கூட்டம்.

"யக்கா, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்."

அப்பாவின் கை அந்த மோட்டார் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. அடுக்களையிலிருந்து மர அகப்பையை எடுத்து வந்தாள். காய்ந்த துணியால் பிளக்கைப் பிடித்துச் சுவரில் சொருகி, அகப்பைக் காம்பால் சுவிட்சைத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு பவர் பட்டனைக் குத்தினாள்.

காற்றாடி சுற்றியது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தபோது திரையில் அவள் எப்போதும் பார்க்கிற நீல முகப்பு.

சங்கரம்மாள் தனியாக உட்கார்ந்த படத்தில் கண்ணை மூடியிருந்தாள். அடுத்ததிலும் அப்படித்தான். இசக்கிசெல்வி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். எந்த நிமிடமும் திரை அணைந்துவிடலாம். பந்தி நடக்கும் படம் ஒன்றில், சாம்பார் வாளியைப் பிடித்தபடி யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி, சங்கரம்மாள் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாளியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்பினாள்.

வெகுநேரம் கழித்து ஜெயபிரியாவிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. அழுகைதான் நிறைய. கடைசியில், "அம்மாதாங்க்கா, அப்படியே அம்மாதான்."

மறுநாள் சிவபாலன் சேறும் தாடியுமாக வீடு வந்து சேர்ந்தான். மூடி இல்லாத கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். படங்கள் பென்டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"என்னளா, ராத்திரி பூரா அமத்தலயா?" என்று சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினான்.

"தொடாதிய! அமத்துனா திரும்ப வருமோ வராதோ" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.