முதலாளி கொடுத்த டம்ளர்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மற்ற பாத்திரங்களோடு அதையும் துலக்கிக் கவிழ்த்து வைக்கிறேன். விளிம்பு நசுங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடலாமே என்றாள் மருமகள். போடக் கூடாது என்றேன். அது எங்கள் மில் முதலாளி என் மதினிக்குத் தன் கையால் கொடுத்தது.

மதினி என் மூத்த அண்ணன் மனைவி. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில், நூலைக் கோனில் சுற்றும் பகுதியில், நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட். அண்ணன் இடுப்பில் அடிபட்டுப் படுக்கையோடு கிடந்ததால் அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மகள் திருநெல்வேலியில் நர்சிங் படித்ததும் அதில்தான். திடீரென்று உலகமெல்லாம் மந்தம், நூல் விலை போகவில்லை என்றார்கள். ஷிப்ட் ஷிப்டாக மிஷின்கள் நின்றன. முதலாளி எங்களை வாசலில் கூட்டிக் கைகூப்பினார். அரசாங்கம் கைகொடுத்து, பாங்குக்காரர்கள் கடனைத் தள்ளிப்போட்டால் ஆலை பிழைக்கும், ஆனால் அதை நான் கேட்டால் நடக்காது, நீங்கள் கேட்டால் நடக்கும் என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நாங்களும் நம்பினோம். முதலாளியின் கடனுக்காகத் தொழிலாளி பட்டினி கிடந்த கூத்து வேறெங்காவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நடந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். கரிசல் காட்டு வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்கியது. ஆலையைக் காப்பாற்று என்று தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டது மதினிதான். மோரைக்கூட ஒதுக்கிவிட்டாள். எங்களுக்காகக் கடைகளை அடைத்தார்கள். ஜவுளிக்கடை பாய் தன் கடை மின்விசிறியைக் கழற்றிவந்து மாட்டிவிட்டு, இது ஊர்ப் பிழைப்பு என்றார். கடைசியில் சலுகை அறிவித்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து, வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாற்றை மதினி கையில் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். "நீ எனக்குக் குலசாமி தாயி" என்றார். அந்தப் படம் பேப்பரில் வந்தது. கூட்டத்தில் டம்ளரை எடுத்துப்போக அவர் டிரைவர் மறந்துவிட்டான்.

பெரிய வீட்டுப் பொருள் நமக்கு எதற்கு என்று மதினி அதைக் கழுவித் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு ஆலைக்கு வந்தாள். வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சலுகைப் பணத்தில் புது மிஷின் வருகிறதாம், அதற்கு இத்தனை ஆள் வேண்டாமாம். பந்தலில் உட்கார்ந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே. எனக்காகப் பட்டினி கிடக்கத் தெரிந்தவன் நாளைக்கு என்னை எதிர்த்தும் கிடப்பான் என்று முதலாளி சொன்னதாக மேனேஜரே பிறகு சொன்னார். நான் அந்த வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். மதினி என் கையைப் பிடித்தாள்.

"மண்ணு காத்துல போயிரும் ஏட்டி. டம்ளரு நம்மகிட்ட கெடக்கட்டும்."

படிப்பை விட்டுவிட்டு வந்த மகள், அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து குச்சி அடைத்தாள். டீக்கடையில் எங்களைப் பார்த்தால் சிரிப்பு, முதலாளிக்கு விரதம் இருந்த கூட்டம் போகுது பார் என்று. பாய் மட்டும் சிரிக்கவில்லை. எங்களைவிட அவருக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

சில வருஷம் கழித்து மறுபடியும் மந்தம் வந்தது. இந்தத் தடவை முதலாளிமார்களே ஒருநாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், அதே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. பாயிடம் ஆள் அனுப்பி மின்விசிறி கேட்டார்களாம். ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பழச்சாறு கொடுக்கும் நேரத்தில் மதினி இருக்கிற நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, முந்தானையால் டம்ளரை மூடியபடி பந்தலுக்கு முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். முதலாளிக்கு அவள் முகம் நினைவிருந்தது, வேலையை விட்டு விரட்டியது நினைவில்லை. நம்ம ஆலைப் பிள்ளை என்று மைக்கில் சொல்லி, அவரே கைநீட்டி மேடைக்கு அழைத்தார். போட்டோக்காரர்கள் நெருங்கினார்கள். சிரித்த முகத்தோடு டம்ளரை வாங்கி அண்ணாந்தார். சொட்டு இல்லை. அவசரத்தில் இன்னும் சாய்த்துப் பார்த்தார்.

"குடிங்க மொதலாளி. அன்னைக்கு நீங்க குடுத்ததுல எங்களுக்கு மிஞ்சுனது இம்புட்டுத்தான்."

மைக் பக்கத்தில் இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. அவர் டம்ளரை வீசியெறிந்தார். விளிம்பு நசுங்கியது அப்போதுதான். மதினி நிதானமாகக் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அண்ணாந்த வாயும் கவிழ்ந்த டம்ளருமாக எடுத்த படம் மறுநாள் டீக்கடைச் சுவர்களில் தொங்கியது. சலுகை அவர்களுக்கு அப்போதும் கிடைத்தது, எங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் கார் பஜாருக்குள் நுழைந்தால் போதும், கடைக்காரர்கள் காலி கிளாஸை எடுத்து வெளியே நீட்டினார்கள். கொஞ்ச நாளில் கார் ஊரைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் வழியே போகத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷம்தான். மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். அந்த மகள் கையில் இன்னும் தீக்குச்சி மருந்து வாடை போகவில்லை, எனக்கு அந்தப் பெரிய குணம் தேவையில்லை.

மதினி போன வருஷம் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். முதலாளியும் இப்போது இல்லை. ஆலையை மகன் பார்க்கிறார். மறுபடியும் மந்தம், மில்காரர்கள் சலுகை கேட்கிறார்கள் என்று நேற்றுப் பேப்பரில் படித்தேன். உடனே எழுந்துபோய் டம்ளரை எடுத்துத் துலக்கினேன். நேற்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. பந்தல் போடட்டும், நான் போகிறேன்.