உபயம் ஆன ஜெனரேட்டர்

சென்ற செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான கடை, வழக்கமான மேசை. தே தாரேக்கில் இரண்டு வாய்தான் குடித்திருப்பேன். தங்கை வசந்தாவிடமிருந்து போன்.

"அண்ணே, கரண்ட் போச்சு."

"இங்க இருக்கே" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் – அப்படித்தான் சொன்னேன்.

"நீங்க தே குடிக்கிற கடைல இல்லண்ணே, என் ஃபேக்டரில! வெளிய ரோடு தோண்டுறவனுங்க கேபிளை வெட்டிட்டானுங்க. சரி பண்ண சாயங்காலம் ஆகும்ங்கிறாங்க. கொண்டேனர்ல முக்கால்வாசி ஏத்தியாச்சு. என் ஜெனரேட்டர் எங்க?"

கோப்பையைக் கீழே வைத்தேன். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஏழு வாரமாகத் தெரியும்.

வசந்தாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறாள். உறைய வைத்த ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டா. மாவைத் தட்டி, பிளாஸ்டிக் தாளுக்கு இடையில் வைத்து, உறைய வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி விற்பது. பூச்சோங், காஜாங் பக்கம் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இந்த வருஷம்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. கப்பலில் போக ஒரு முழு கொண்டேனர். அந்த ஆர்டரைப் பிடிக்க அவள் எத்தனை மாதிரி அனுப்பினாள், எத்தனை படிவம் நிரப்பினாள் என்று எனக்குத் தெரியும். கிடைத்த அன்று போனில் அழுதாள். நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சரக்குக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி இருக்க வேண்டும். உறைந்த ரொட்டி ஒரு தடவை இளகிவிட்டால் கதை முடிந்தது. மறுபடி உறைய வைத்தால் பத்து ரொட்டியும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். அனுப்பும் கொண்டேனரே ஒரு பெரிய ஃப்ரிட்ஜ்தான். லோரிக்காரர் அதை ட்ரெய்லரோடு தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டுப் போவார். அங்கே ப்ளக்கைச் செருகிக் குளிர வைத்து, சரக்கை ஏற்றி முடித்ததும், சாயங்காலம் திரும்ப வந்து கிள்ளான் துறைமுகத்துக்கு இழுத்துப் போவார். போகிற வழிக்கு லோரியிலேயே ஒரு சின்ன ஜெனரேட்டர் இருக்கும். தொழிற்சாலையில் இருக்கும்வரை கரண்ட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அதற்காகத்தான் வசந்தா ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தாள். சக்கரம் வைத்தது, லோரியில் கட்டி இழுக்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பாள். மீதி நேரமெல்லாம் அது கொட்டகையில் சும்மா நிற்கும்.

அந்த 'சும்மா'தான் என் கண்ணை உறுத்தியது!

கிள்ளானில் எங்கள் குடும்பம் போகும் கோயிலில் நான் செயலவை உறுப்பினர். ஆடித் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. உடனே எழுந்தேன். "எதுக்கு வாடகை? என் தங்கச்சிகிட்ட ஒண்ணு சும்மாத்தான் நிக்குது லா." கைதட்டினார்கள். கைதட்டினால் நமக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

வசந்தா தயங்கினாள். "ரெண்டே நாள்தாண்ணே. திங்கக்கிழமை காலைல எனக்கு வேணும்."

"திங்கக்கிழமை விடியறப்ப உன் கேட்டுல நிக்கும்" என்றேன்.

திருவிழா அமர்க்களமாக நடந்தது. ஜெனரேட்டர் ஒரு நொடிகூட மக்கர் செய்யவில்லை. கோயிலில் அப்போது ஒரு பெயிண்டர் புது மின்விசிறிகளில் உபயக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். என் சின்ன மூளையில் ஒரு பெரிய யோசனை உதித்தது. தங்கைக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டாமா? "பொஸ், அப்படியே இதுலயும் ஒரு வரி எழுதிடுங்க" என்றேன். மஞ்சள் பெயிண்டில், அழகான எழுத்தில் எழுதினார் – 'உபயம்: திருமதி வசந்தா குடும்பத்தினர், தெலுக் பங்லிமா காராங்.'

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. எப்ப வரும்?" என்று பதில் வந்தது.

நம் கோயில்களில் டியூப் லைட்டில் பெயர் எழுதினால் வெளிச்சத்தைவிட எழுத்துதான் அதிகம் தெரியும். அது உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் பொருள் யாருடையது என்று ஆகிவிடும் என்பதும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

முதல் திங்கட்கிழமை வசந்தாவிடமிருந்து மெசேஜ்: "அண்ணே, ஜெனரேட்டர்?" நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். லோரி கிடைக்கவில்லை... அடுத்த வாரம் மழை... அதற்கடுத்த வாரம் நானே மறந்துவிட்டேன். ஏழு திங்கட்கிழமை, ஏழு மெசேஜ், ஏழு கட்டைவிரல்.

செவ்வாய்க்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஃபெடரல் ஹைவேயில் வண்டியை விரட்டினேன். விரட்டினேன் என்பது ஒரு பேச்சுக்கு. அந்த நெடுஞ்சாலையில் என்றைக்கு யார் விரட்டியிருக்கிறார்கள்? ஒவ்வொரு நெரிசலிலும் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சாகுல். ராமநாதபுரத்துக்காரர், குளிர் அறைக்கு அவர்தான் சூப்பர்வைசர். வேலை பெர்மிட்டில் வந்து நாலு வருஷமாகிறது.

"சாகுல், ரூம் எப்படி இருக்கு?"

"கதவைத் தொறக்காம இருந்தா தாங்கும் சார். ஆனா ஆளாளுக்கு வந்து, குளிர் இருக்கான்னு தொறந்து பாக்கலாமாங்கிறாங்க. அதான் கதவுக்கு முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். மேடமே வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

"கொண்டேனர்?"

"அதையும் சாத்தியாச்சு சார். ஆனா அது வெயில்ல நிக்குது. ரொம்ப நேரம் தாங்காது. நீங்க எங்க வர்றீங்க?"

"கிட்டத்துல" என்றேன். ஷா ஆலமைக்கூடத் தாண்டவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் ஓடினேன். நின்றேன்.

ஜெனரேட்டர் ஒரு சிமெண்டு மேடையின் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டு. கூண்டுக்குப் பூட்டு. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், காய்ந்த மாலை. சக்கரங்களைக் காணோம்!

தலைவர் நிதானமாக வந்தார். எழுபது வயதுக்காரர், நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல்.

"தலைவரே, சக்கரம் எங்க?"

"கழட்டியாச்சு தம்பி. சக்கரம் இருந்தா எவனாவது இழுத்துட்டுப் போயிடுவான் லா."

"நான்தான் இழுத்துட்டுப் போக வந்திருக்கேன்! இது என் தங்கச்சியோடது. இரவலாக் குடுத்தது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு மஞ்சள் எழுத்தைக் காட்டினார். "உபயம்னு போட்டிருக்கே தம்பி."

"எழுதச் சொன்னதே நான்தான்!"

"அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அலுவலகத்திலிருந்து கூட்டக் குறிப்பு ஃபைலை எடுத்து வந்துவிட்டார். போன மாதக் கூட்டம். நாலாவது தீர்மானம்: 'ஜெனரேட்டரை உபயமாக வழங்கிய திருமதி வசந்தா குடும்பத்தினருக்கு நன்றி தெரிவித்து, அதற்கு மேடையும் கூண்டும் அமைக்க முடிவு செய்யப்பட்டது.' முன்மொழிந்தவர் பொருளாளர். வழிமொழிந்தவர்... என் பெயர். பக்கத்தில் என் கையெழுத்து.

அந்தக் கூட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பிட மீகூன் கோரேங் வருவதற்குள் பதினொரு தீர்மானம் நிறைவேறியது. ஒவ்வொன்றுக்கும் யாராவது வழிமொழிய வேண்டும் என்று செயலாளர் சுற்றிப் பார்த்தார். நான் பல தடவை கையைத் தூக்கினேன். எதற்கென்று யார் கேட்டார்கள்?

"சரி தலைவரே, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப பூட்டைத் திறங்க."

"சாவி பொருளாளர்கிட்ட. அவர் காஜாங்குக்கு மக வீட்டுக்குப் போயிருக்கார். அதோட தம்பி... சாமிக்குக் குடுத்ததைத் திரும்ப எடுத்தா குடும்பத்துக்கு நல்லதில்ல. செயலவையைக் கூட்டித் தீர்மானத்தை ரத்து பண்ணித்தான் எடுக்கணும்."

அங்கே கொண்டேனர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. இங்கே தீர்மானம்! நான் கத்தினேன். கோயில் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே வசந்தாவின் போன்.

"கெளம்பிட்டீங்களாண்ணே?"

சொன்னேன். கூண்டு, சாவி, சக்கரம், சிமெண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். வழிமொழிந்ததை மட்டும் அப்போது சொல்லவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"சரிண்ணே. நான் பாத்துக்கிறேன். நீங்க வர வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

அவள் பார்த்துக்கொண்டாள். லோரி கம்பெனியில் கெஞ்சி, சாயங்காலம் வர வேண்டிய லோரியை மத்தியானமே வரவழைத்தாள். லோரியின் சின்ன ஜெனரேட்டரைக் கொண்டேனரில் மாட்டினார்கள். கொண்டேனரின் டிகிரியை நாற்காலியில் இருந்தபடியே கேட்ட சாகுல், "தப்பிச்சோம் மேடம்" என்றாராம். ஆனால் மீதிக் கால்வாசியை ஏற்ற வேண்டுமானால் கொண்டேனர் கதவையும் திறக்க வேண்டும், குளிர் அறைக் கதவையும் திறக்க வேண்டும். இருக்கிற குளிரும் போய்விடும். கரண்ட் வரும்வரை லோரி காத்திருக்கவும் முடியாதாம். அந்த வெயிலில் அவள் ஐந்து நிமிஷம் யோசித்தாளாம். பிறகு சீல் வைத்து அனுப்பிவிட்டாள். வாழ்க்கையில் அவள் வாங்கிய முதல் ஏற்றுமதி ஆர்டர், கால்வாசி காலியாகக் கப்பலேறியது.

குளிர் அறை தாங்கியது, சாகுலின் நாற்காலியால். கரண்ட் வந்தபோது மணி ஆறு. அன்று காலையில் தட்டி உறைவதற்காக வைத்திருந்த ரொட்டிகள் மட்டும் மொத்தமாக இளகிவிட்டன.

அன்றிரவு அவள் ஆஸ்திரேலியாக்காரருக்கு எழுதிய கடிதத்தை எனக்கும் அனுப்பினாள். முதல் சரக்கோடு போகும் முதல் கடிதம், மன்னிப்புக் கடிதம். காரணம் என்ற இடத்தில் 'மின்தடை' என்று மட்டும் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைத்ததில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நம்மில் பலருக்குச் சும்மா நிற்கும் பொருளைக் கண்டால் பொறுக்காது. தீயணைப்பான் சும்மா நின்றால் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். அவசர வழி சும்மா இருந்தால் நாற்காலிகளை அடுக்குவோம். ஸ்பேர் டயரை மச்சானுக்குக் கழற்றிக் கொடுப்போம். சும்மா நிற்பதுதான் அதன் வேலை என்று நமக்கு உறைப்பதே இல்லை. உறைக்கும்போது, மன்னிக்கவும், எல்லாம் இளகிப் போயிருக்கும்.

புதன்கிழமை தலைவர் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். "தம்பி, உங்க தங்கச்சி பெட்டி பெட்டியா ரொட்டி அனுப்பிச்சிருக்கு, அன்னதானத்துக்கு. எல்லாத்தையும் சுட்டுப் போட்டாச்சு, சனங்க ரெண்டு ரெண்டா வாங்கிச் சாப்பிட்டாங்க. போர்டுல உபயம் யார் பேர்ல போடலாம்?"

போனை அப்படியே மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். வழிமொழிய ஒருவரும் கை தூக்கவில்லை, குடும்பத்துக்கு ஆகாதாம். கடைசியில் தலைவரே தூக்கினார். சாமி குற்றம் வராமலிருக்க, அடுத்த வருஷ ஜெனரேட்டர் வாடகை என்னுடைய உபயம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை கூண்டை அறுத்து, சக்கரத்தை மாட்டி, லோரி வைத்து, தெலுக் பங்லிமா காராங்கில் கொண்டுபோய் விட்டேன். வசந்தா தே போட்டுக் கொடுத்தாள். "ஆஸ்திரேலியாக்காரர் பதில் போட்டிருக்கார். அடுத்த தடவை முழுசா அனுப்பணுமாம்" என்றாள். அடுத்த தடவை என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நேற்று திங்கட்கிழமை. காலையில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜெனரேட்டர் கொட்டகையில் நிற்கிறது. மஞ்சள் எழுத்தை அழித்துவிட்டாள். அதே இடத்தில், சிவப்புப் பெயிண்டில், அவள் கையாலேயே எழுதியிருந்தாள்:

'உபயம் அல்ல. இரவல் கிடையாது. அண்ணனுக்கும்.'