டயரில் போட்ட துண்டு

கும்மிடிப்பூண்டியில் மதுக்கடையை ஒட்டி நான் நடத்தும் பார் காயலான் கடை மாதிரி இருக்கும். அதில் எனக்குப் பெருமைதான். கம்பெனிகள் தூக்கிப்போட்ட ஹெல்மெட்டுகள் விளக்குகளுக்கு மூடி. ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பது பாதியாக வெட்டிய ஆட்டோவில். கழிவறைக் கதவில் பழைய பஸ்ஸின் 'பள்ளிப்பட்டு' பலகையை மாட்டியிருக்கிறேன். குடிக்க வருபவர்கள், பள்ளிப்பட்டு போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

உட்கார நாற்காலி கிடையாது, லாரி டயர்தான். ஆட எழுந்தால் டயர் அடுத்தவருக்கு. என் பாரில் இருக்கும் ஒரே சட்டம் அது. சூப்பர்வைசர் எழுந்த டயரில் லோடு ஏற்றுபவர் உட்காருவார். விலையும் கையைக் கடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மகன் வந்தார். அவர்கள் நிலத்தில்தான் என் அப்பா கூலி வேலை செய்தார். அந்த வீட்டு ஆட்களைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டு அப்பாவின் கக்கத்துக்குப் போய்விடும். அவர்கள் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது என் பாரில் வெங்காயம் நறுக்கித் தருகிறார்.

பண்ணையார் மகன் கொஞ்சம் குடித்ததும் ஆட எழுந்தார். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல டயரில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். இடமில்லாமல் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தத் துண்டு அங்கேயே கிடந்தால் என் சட்டம் செத்தது. எடுக்க வேண்டியவன் நான்தான், ஆனால் கை வரவில்லை. பரம்பரைப் பயம் லேசில் போகுமா?

அப்பா கத்தியை வைத்துவிட்டு வந்தார். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு டயரில் உட்கார்ந்தார்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பண்ணையார் மகன் வந்தார்.

"துண்டு போட்டுக்கினு தானே போனேன், தெரியல? எந்திரி."

அப்பா எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உட்கார்ந்தபடியே துண்டை நீட்டினார்.

"நீ போய் ஆடு. நான் ஆட எந்திரிச்சதும் வந்து குந்து."

அந்த வீட்டு ஆளை அப்பா 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பண்ணையார் மகன் துண்டை வாங்கிக்கொண்டு நின்றார். வேறு டயர் காலியில்லை. அப்பாவுக்கும் ஆடுகிற அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அடுப்பில் என் ஆம்லெட் கருகிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.