தேதி இல்லாத போஸ்டர்

கோவில்பட்டியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பென்டிரைவைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் அதிகம். அதனால் செருகியதுமே எல்லாம் தானாகக் கம்ப்யூட்டரில் நகலாகும்படி செய்திருந்தேன்.

எதிரே தீப்பெட்டி மொத்தக்கடை. அந்த முதலாளியின் தம்பி, முன்பு என்னிடம் பிரிண்ட் போடக் கொண்டுவந்த, கல்யாண பேனர் இருந்த பென்டிரைவைத் தொலைத்துவிட்டு வந்தார். நகலைத் திறந்தேன். பேனருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் அவருடைய அண்ணன் படம். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அந்த அண்ணன் எதிர்க்கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இதை அழிச்சிரட்டுமா?” என்றேன்.

தம்பி என் தோளில் கை வைத்தார். “கெடக்கட்டும் அண்ணாச்சி. தேதியைப் பொறவு சொல்லுதேன்.”

நான் அழிக்கவில்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. இப்போதெல்லாம் காலையில் அந்த அண்ணன் எதிர்க்கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்காமல் கம்ப்யூட்டரை ஆன் செய்ய எனக்குக் கை வருவதில்லை.