மாதேஸ்வரனுக்கு வளர்த்த தாடி

மல்லப்பன் பூசிய சுவரில் வெடிப்பு விழாது என்று மைசூரில் பேர். ஹனூரிலிருந்து வந்து இருபத்தெட்டு வருடம் கரண்டியும் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையுமாகச் சாரத்தில் நின்றவர். இடது கன்னத்தில் புகையிலை ஒதுக்கினால்தான் அவருக்குக் கை ஓடும். அந்தக் கன்னத்துக்குள் புண் வந்து ஆறாமல் நின்றபோது புகையிலையை விட்டாரா? இல்லை, வலது கன்னத்துக்குக் குடிமாற்றினார். அவ்வளவு பெரிய மூளை.

ஆடி மாதம் மனைவி சொர்ணலதா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் வைஷாலி வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"புத்துநோய் மாதிரி தெரியுது. புண்ணுல சதைத் துணுக்கு எடுத்துப் பாக்கணும். கழுத்துல இன்னும் கட்டி இல்லை. இப்பவே ஆபரேஷன் பண்ணா எடுத்துடலாம்."

"கத்தி பட்டாப் பரவிப்போடுங்க. என் மச்சான் கணேசன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான்" என்றார் மல்லப்பன். நோய் எங்கும் பரவிய பிறகே கணேசன் ஆஸ்பத்திரிப் படியேறினான் என்பதை மட்டும் சௌகரியமாக விழுங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மலைச்சாமி மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டார். தீபாவளிக்கு மலையேறி முடி கொடுக்கும்வரை உடம்பில் எந்தக் கத்தியும் படக் கூடாது.

"முடியச் சாமிக்குக் குடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்ன வாய டாக்டருக்குக் காட்டுங்க" என்று சொர்ணலதா கெஞ்சினாள். மூன்று மாதமும் கெஞ்சினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். தாடி அடர்ந்து வளர்ந்தது. சாமியார் களை வந்துவிட்டது என்று சாரத்தில் எல்லோரும் கேலி பண்ண, அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

தீபாவளியன்று மலையில் நாவிதர் தலையை மழித்து முடித்துத் தாடிக்கு வந்தார். இடது தாடைக்கு அடியில் கத்தி நின்றது. தாடிக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, கல்லாட்டம்.

"இது எத்தன நாளா இருக்குதுங்க?"

மல்லப்பனுக்குத் தெரியவில்லை. சொர்ணலதா தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. "மீதியையும் வழிச்சுடுங்க" என்று நாவிதரிடம் சொன்னாள்.

மைசூருக்குத் திரும்பியதும் துணுக்கு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய்தான். இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள்.

"கத்தியே படலீங்களே, எப்படிங்க பரவுச்சு?" என்று டாக்டர் வைஷாலியிடம் கேட்டார் மல்லப்பன்.

"அதுக்குக் கத்தி வேண்டாம். கட்டியிலிருந்து செல்கள் உதிர்ந்து ரத்தத்துல போகும். முக்காவாசி வழியிலேயே செத்துடும். தப்பிச்சது ரத்தக்குழாயோட உள்சுவரைப் பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் சுவருக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வளரும்."

"வழுவழுன்னு இருக்கற சுவத்துல ஒட்டாதுங்களே."

"ஒட்டறதுக்கான பசை அந்தச் செல் மேலேயே இருக்கு. பக்கத்துல வீக்கம் இருந்தா சுவரும் பிசுபிசுப்பாயிடும்."

மல்லப்பன் தலையாட்டினார். வழுக்குகிற சுவரைக் கொத்திவிட்டுப் பூசுகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மழித்த கழுத்தை நீட்டினார்.

"அப்ப வெட்டிப்போடுங்க. இன்னைக்கே வெட்டுங்க. பாதித் தாடை போனாலும் சரிங்க."

"நுரையீரலுக்குப் போயிடுச்சு, மல்லப்பா. இனிமே கத்தியால ஆகறது ஒண்ணுமில்லை. மருந்து தரலாம். கொஞ்ச நாள் தள்ளிப்போடும்."

மல்லப்பன் மனைவியைப் பார்த்தார். சொர்ணலதா மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டதச் சாமி குடுத்திருச்சுங்க" என்றாள். "இனி எந்தக் கத்தியும் உங்க மேல படாது."