பெயரை மாற்றினார், கரையை மாற்றவில்லை

சேகர் அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், ஹார்ட் அட்டாக். செவிலிமேடு பஸ்ஸில் இருந்தபோது போன் வந்தது... அப்படியே இறங்கிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சேல்ஸ்மேன், நான் பில்லிங். கஸ்டமர் இல்லாத நேரத்தில் புடவைக்குள் வைக்கிற அட்டையில் கதை எழுதிக்கொண்டிருப்பார்.

வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிற அம்மாக்களை, அடுத்த கதையில் மாமியார் ஆக்கிவிடுவேன் என்பார். சிரிப்பை அடக்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வாரப் பத்திரிகையில் அவர் கதை வந்தது. கடை முழுக்க ஸ்வீட் கொடுத்தார்.

ஒருவனை விரும்பியதற்காக வீட்டில் அடி வாங்கிய நெசவுக்காரப் பெண்ணின் கதை. அவர் தங்கை வசந்தாவுக்கு நடந்ததுதான்.

பெயரை மாற்றியிருந்தார், ஊரையும் மாற்றியிருந்தார். ஆனால் அவள் நெய்கிற புடவைக் கரையை அப்படியே எழுதிவிட்டார்... ஒரு பக்கம் மட்டும் கிளி வரிசை. அது அவர்கள் வீட்டுத் தறியில் மட்டும்தான் ஓடியது.

அப்போது வசந்தாவுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் தறிக்காரர்கள். படித்த உடனே யார் வீடு என்று தெரிந்துவிட்டது. சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் அப்பா பஸ் ஸ்டாண்ட் கடையில் மிச்சமிருந்த அந்த வாரப் பத்திரிகைகளையெல்லாம் வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். என்ன பிரயோஜனம்?

அப்புறம் வசந்தாவுக்கு எதுவுமே அமையவில்லை. அண்ணனோடு அவள் பேசவும் இல்லை. ஒரே வீடு... தட்டை வைத்துவிட்டு டம்ளரால் தரையில் தட்டுவாளாம். வந்து சாப்பிடு என்று அர்த்தம். அண்ணனே ஒருநாள் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. நல்ல மனுஷன்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. இன்றைக்கும் இருக்கிறது.

நேற்று போனபோது வசந்தா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அந்தக் கதையை நீ படித்தாயா என்று என்னைக் கேட்டாள். தலையாட்டினேன்.

"அதுல எனக்கு அவனோடயே கல்யாணம் பண்ணி வெச்சிருந்தான்மா. ரெண்டு கொழந்தகூட குடுத்திருந்தான்."

சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தில் உட்கார்ந்த ஈயைக் கையால் விரட்டினாள்.

இன்று காலை எடுத்துவிட்டார்கள்.

போங்க அண்ணா... நிம்மதியா போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்க.