மூங்கிலடியில் அருளப்பன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்பப் போவதில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை, கேளுங்கள்.

எழுபதுகளில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அருளப்பன் என் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறி நுவரெலியா ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய்விடுவோம், குருவி பார்க்க. லயத்து வரிசை வீடுகளில் எங்களைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. ஆடி மழையில் கொண்டைக்குருவிதான் கண்ணில் படும். ஐப்பசியில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து மூங்கிலடியில் தத்தும், சித்திரையில் கொழும்புக் கூட்டம் சீசனுக்கு வந்து இறங்கும்போது திரும்பிப் போயிருக்கும்.

இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அருளப்பனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. நானுஓயாவில் அழுகைக் கோச்சியில் ஏற்றிவிட்டேன். இந்தியாவுக்குப் போகிறவர்களின் ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. என் மனைவிக்கும் போக ஆசை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை, ராத்திரி போகலாம் என்று தோன்றும், விடிந்தால் பயம் பிடிக்கும்.

இந்தியாவுக்குப் போகும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டிய அந்த ஐப்பசியில் தனியாகப் பூங்காவுக்குப் போனேன். சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருந்தது. குருவி கூவிய பக்கம் திரும்பினால் மூங்கிலடியில் அருளப்பன் குந்தியிருக்கிறான், சத்தியமாக அவனேதான். பேசினால் குருவி பறந்துவிடுமே என்று வாயைத் திறக்காமல் நின்றேன், அந்த நேரத்திலும் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

அவனே மெதுவாகச் சொன்னான்.

"வாத்தியாரே, நீங்க அங்க வந்துறாதீங்க."

குருவி பறந்தது. அவன் எழுந்து, "போறேன்" என்றான். எங்கள் ஆட்கள் வாயில் அந்தச் சொல் வராது, "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். மூங்கிலைச் சுற்றி ஓடிப் பார்த்தேன், யாரும் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. அருளப்பன் செத்துவிட்டான் என்றே முடிவு செய்து, அவன் ஆத்துமாவுக்குக் கோயிலில் பூசை வைத்தேன். பிறகு தமிழர்களை அடித்த கலவரத்தில் வீடு எரிந்தபோது, மனைவி அந்தப் பூங்காவைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள்.

அதற்கப்புறம் கோத்தகிரிக்குப் போய் வந்த என் மைத்துனன், அருளப்பன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் உயிரோடு கல்லுக்குண்டாட்டம் இருக்கிறான் என்றான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் மைத்துனன் நிறுத்தவில்லை. அருளப்பன் இப்படிக் கேட்டானாம்:

"அந்த ஐப்பசியில வாத்தியாரு எங்க வீட்டுக்கு வந்தாரே, டீய பாதியில வச்சிட்டு எந்திரிச்சு எங்க போனாரு?"

நான் இன்றுவரை கடல் தாண்டியதில்லை. மைத்துனன் எவ்வளவோ சொல்லியும், நான் உயிரோடு இருப்பதை அருளப்பனின் மனைவி நம்பவே இல்லையாம்.